21 அடி வேனா, 30 அடி மோட்டார்ஹோமா?

கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கை, சமையல் வசதி செய்த வேன்) வாங்குவதா, பெரிய கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் அல்லது லாரி அடிச்சட்டத்தின் மேல் வீடு போலக் கட்டிய வண்டி) வாங்குவதா என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் இழுபறி. கடைசியில் வேன்தான் வந்தது. அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

வசதியில் பெரியதுதான் ஜெயிக்கும், வாதமே இல்லை. தனிக் கட்டில், தாராளமான சமையல் இடம், பெரிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில்தான். வேனில் கழிப்பறையும் குளியலும் ஒரே பெட்டிக்குள். குளித்து முடித்தால் சுவர்வரை துடைக்க வேண்டும். எரிபொருள் செலவில் வேன் ஜெயிக்கும். சரி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மலைப்பாதை என்று வந்துவிட்டால் நீளம்தான் பேசும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங் டு த சன் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே, பம்பர் உட்பட 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகள் உட்பட 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. 6,646 அடி உயர லோகன் கணவாய் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. கலிபோர்னியாவின் செகோயா தேசியப் பூங்காவில், பாட்விஷாவிலிருந்து ஜயன்ட் ஃபாரஸ்ட் ஏறும் வளைவுகளுக்கு 22 அடிக்கு மேல் வேண்டாம் என்று பூங்காவே அறிவுறுத்துகிறது. யூட்டாவின் சயான் சுரங்கப்பாதை 1930இல் திறந்தது, 1.1 மைல் நீளம். அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. பெரிய வண்டி அதில் தன் பக்கத்துக்குள் அடங்காது. போகுமுன் அப்போதைய அளவு விதியைப் பார்த்துவிடுங்கள்.

வேன் என்றாலே தப்பித்தோம் என்றும் இல்லை. மெர்சிடிஸ் வேனான ஸ்பிரின்டரின் நீண்ட மாடல் 21 அடியைத் தாண்டிவிடும். விளம்பரத்தாளில் அகலத்தைப் பெரும்பாலும் கண்ணாடி சேர்க்காமல்தான் போடுவார்கள். வாங்குமுன் டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

பெரிய வண்டிக்காரர்களிடம் இதற்குப் பதில் உண்டு: பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்து வருவது. பெரியதை முகாமில் நிறுத்திவிட்டுக் காரில் மலை ஏறலாம். ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்குபவர்களுக்கு நியாயமான வழிதான். தினம் ஊர் மாறுபவர்களுக்குக் கட்டுவதும் அவிழ்ப்பதுமே பிழைப்பாகிவிடும். நான்கு சக்கரமும் தரையில் ஓடும்படி காரைக் கட்டியிருந்தால் ரிவர்ஸ் எடுக்கவும் வழியில்லை. மலையூரின் குறுகலான பார்க்கிங்கில் தெரியாமல் நுழைந்துவிட்டால் நடுவழியில் காரை அவிழ்த்துத்தான் வெளியே வர வேண்டும்.

கொலராடோவில் ஊரேயிலிருந்து சில்வர்டன் போகும் யுஎஸ் 550 சாலையில், தெற்கே போகும்போது பள்ளம் நம் பக்கம். பல இடங்களில் தடுப்புக் கம்பியே கிடையாது. 11,018 அடி ரெட் மவுண்டன் கணவாயைப் பெரிய மோட்டார்ஹோம்களும் கடக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஓட்டுகிறவருக்குக் காட்சி பார்க்க வாய்ப்பில்லை. கண் வெள்ளைக் கோட்டிலேயே இருக்கும்.

நாங்கள் இருவர்தான். மூன்று பிள்ளைகளோடு மழைநாளில் வேனுக்குள் அடைபட்டால் எப்படி இருக்கும் என்பதில் என் அனுபவம் பூஜ்யம். அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கார் இழுக்கும் பெரிய வண்டியே சரிப்படும் என்று தோன்றுகிறது.

அப்புறம், வேன் வாங்குவதானால் கூரை துணிக் கூடாரமாக விரியும் வகையை எடுக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டம் காரணமாகக் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே இடம்.