போஸ்ட்கிரெஸில் ரூபாய்க் கணக்கு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் உள்ள காகித மொத்த வியாபாரக் கடை ஒன்றின் பில்லிங் தரவுத்தளத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அது போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற தரவுத்தள மென்பொருளில் இயங்குகிறது. தரவு இழப்பு என்ற பேச்சுக்கே அது இடம் தந்ததில்லை. தொல்லை வந்ததெல்லாம் எண்களைக் காட்டும் இடத்தில்தான்.

மார்ச் மாத இறுதியில் விற்பனை ஒரு கோடியைத் தாண்டியதும், அறிக்கையில் மொத்தத் தொகைக்குப் பதிலாக ##,##,###.## என்று அச்சானது. மென்பொருளை முதலில் எழுதியவர்கள் எண்ணை எழுத்து வடிவில் தரும் டூசார் (to_char) செயற்கூறுக்கு 99,99,990.00 என்ற வடிவத்தைக் கொடுத்திருந்தார்கள். புள்ளிக்கு முன் ஏழு இலக்கங்களுக்கு மேல் அதில் இடமில்லை. இடம் போதாதபோது அரைகுறை எண்ணைக் காட்டாமல் இப்படிக் குறிகளால் நிரப்புவது போஸ்ட்கிரெஸின் வழக்கம். அது நல்ல வழக்கம் என்றே கருதுகிறேன். காற்புள்ளியும் வடிவத்தில் வைத்த இடத்தில்தான் விழும் என்பதால், லட்சம், கோடிப் பிரிப்பை நாம்தான் எழுதித் தர வேண்டும். வடிவத்தை 99,99,99,99,990.00 என்று நீட்டி, முன்வெற்றிடம் வராதிருக்க தொடக்கத்தில் எஃப்எம் (FM) என்ற குறியைச் சேர்த்ததும் அறிக்கை சரியானது.

அடுத்த சிக்கல் ஆழமானது. 2019-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்புக்கு மாறியபின், சில தொகைகளுக்குப் பின்னால் நீண்ட தசம வால் தெரிந்தது. தொகைப் புலம், தசமங்களைத் தோராயமாகச் சேமிக்கும் டபுள் பிரிசிஷன் வகையில் இருந்ததே காரணம். 0.1, 0.2 இரண்டையும் அவ்வகையில் கூட்டினால் பழைய பதிப்பு 0.3 என்று சுருக்கிக் காட்டியது, புதியது 0.30000000000000004 என்று உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. காட்சியை மட்டும் மறைத்திருந்தால் பெரிய தவறாகியிருக்கும். 1,250 ரூபாய்க்கு 9 சதவீத வரி 112.50, அதை முழு ரூபாயாக்கும்போது டபுள் பிரிசிஷன் பெரும்பாலும் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணான 112 என்றும், தசமங்களைத் துல்லியமாகச் சேமிக்கும் நியூமரிக் வகை 113 என்றும் தருகின்றன. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு ஐம்பது பைசாவையும் அதற்கு மேற்பட்டதையும் ஒரு ரூபாயாக உயர்த்தச் சொல்கிறது.

ஆகவே புலத்தை நியூமரிக் வகைக்கு மாற்றினேன். முதலில் நகல் தரவுத்தளத்தில் மாற்றி, பில் வாரியாகப் பழைய தொகைகளோடு ஒப்பிட்டேன். மாற்றம் முடியும்வரை அட்டவணை பூட்டப்பட்டிருக்கும் என்பதால், உண்மையான மாற்றத்தைக் கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்டேன். நியூமரிக் கணக்கீடு சற்று மெதுவானதுதான். ஆனால் பில் போடும் கவுண்டரில் அந்த வேறுபாடு தெரியவில்லை.