இ.எஸ்.ஐ.யா, முதலமைச்சர் காப்பீடா? சிறுநீரகம் பழுதானால் வீட்டுச் செலவு

திருப்பூர் பனியன் கம்பெனியில் மாதம் 15,000 வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். சிகிச்சை மட்டுமல்ல, விட்டுப்போன கூலியும் ஓரளவு கிடைக்கும். நாள் கூலி 500 என்றால் 70 சதவீதமாக 350, ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் 2 நாளுக்குப் பொதுவாகக் கிடையாது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, இந்த உதவி நீட்டிக்கப்படும் நோய்களின் பட்டியலில் இருப்பதால், தகுதியிருந்தால் அதன்பின் 80 சதவீதம், 400.

சிக்கல் எங்கே? ஆறு மாதப் பிடித்தக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல்-செப்டம்பர் கட்டியதற்குப் பலன் ஜனவரி-ஜூனில்தான். பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக் கூலியில், வேலை செய்து இ.எஸ்.ஐ.யில் பெயரே ஏறாதவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். நோய் வருமுன்பே காண்ட்ராக்டரிடம் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு முதலாளி தேவையில்லை; சோமனூர், பல்லடம் தறிக்காரர்களுக்கு அதுதான் கதி. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்று வருமானச் சான்று, ரேஷன் கார்டு வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் கூலி இழப்புக்கு ஒரு பைசா கிடையாது. வாரம் மூன்று டயாலிசிஸ் (இயந்திரம் மூலம் ரத்தச் சுத்திகரிப்பு), தலா நான்கு மணி நேரம்: சிகிச்சை இலவசமானாலும் பஸ் கட்டணமும் மூன்று நாள் கூலியும் கைவிட்டுப் போகும்.

இ.எஸ்.ஐ. எண் உயிரோடு இருந்தால் முதலில் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைப் பக்கம் போவதே மேல்.