தருமபுரியில் ஒரு வக்கீலம்மாவிடம் விவாகரத்து ஆலோசனைக்குப் போன அனுபவம்

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் பெயர் போடவில்லை. தருமபுரி டவுனுக்குள், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ்.

நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தங்கச்சி நாலு வயசுப் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்து 14 மாதம் ஆகிறது. மாப்பிள்ளை திருப்பூரில். ஊர்ப் பெரியவர்கள், "முத்திரைத்தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அத்துவிட்டுடலாம்" என்றார்கள். முதலில் பார்த்த வேறொரு வக்கீல் தங்கச்சி முகத்தைக்கூடப் பார்க்காமல், "வரதட்சணைன்னு ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதுவோம், தானா வழிக்கு வருவாங்க" என்றார். வரதட்சணை யாரும் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

இங்கேயும் நான்தான் பேச ஆரம்பித்தேன். வக்கீலம்மா ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு, "அண்ணா, நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வாழ்ந்தது அவங்க, அவங்க சொல்லட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அரை மணி கழித்து மேலே போனபோது தங்கச்சி அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். 14 மாதமாக எங்களிடம் சொல்லாதது எல்லாம் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தது. இதை நான் எழுதுவதற்கு முக்கியக் காரணமே அந்த அரை மணி நேரம்தான்.

'கேஸ்' என்று நாங்கள் ஒரே மூட்டையாக நினைத்திருந்ததை அவர் தனித்தனியாகப் பிரித்தார். முதல் கேள்வியே, "பையன் ஸ்கூல் ஃபீஸ் யாரு கட்டுறா?" அண்ணன் என்றாள். "அப்ப அதை முதல்ல பார்ப்போம்." விவாகரத்துக்குக் காத்திருக்காமலே ஜீவனாம்ச மனு போடலாம். 125 என்று எல்லோரும் சொல்லும் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144. இரண்டு பக்கமும் வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். தங்கச்சி, "எனக்கு அவரு காசே வேணாம் மேடம்" என்றாள். "உனக்கு வேணாம்னு நீ சொல்லலாம்மா. பையனுக்கு வேணாம்னு சொல்ல உனக்கு உரிமை இல்ல." அந்தப் பதிலை வீட்டில் எங்கள் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முத்திரைத்தாள் விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தினார். சாதி வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடிந்தால் தவிர, அது விவாகரத்தே ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது, குற்றமும் ஆகும். எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இப்படி எழுதி வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

காலண்டரை வைத்து எண்ணிக் காட்டினார். பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும், எங்களுக்கு அது ஆகிவிட்டது. மனுப் போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புப்படி, தகுந்த காரணம் இருந்தால் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று கோர்ட் விலக்கு கொடுக்கலாம். கைவிட்டுப் போனார் என்று சொல்வதானால் இரண்டு வருடம் தொடர்ச்சியாக ஆகியிருக்க வேண்டும். மனுவை அவள் இப்போது இருக்கும் இந்த மாவட்டத்திலேயே போடலாம், திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவாக அம்மாவிடம்தான். ஆனால் அப்பா வந்து பார்ப்பதைத் தடுக்காதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கணவர் சொத்தில் பாதி வரும் என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அப்படி ஒரு சட்டமே இங்கே இல்லை. கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட 22 பவுன் அவளுடையது, அதைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குக் கல்யாண ஆல்பமும் நகைக்கடை பில்லும் வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100க்கும் கூப்பிடலாம் என்றார். வந்த கட்சிக்காரரிடம் இதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும். ஆலோசனைக்கு வாங்கியது 500 ரூபாய். பேசியது ஒன்றே முக்கால் மணி நேரம்.

குறைகளும் உண்டு. 11 மணி என்று சொல்லிவிட்டு எங்களை அழைத்தபோது ஒன்று. படி செங்குத்து; முட்டி வலியோடு வந்த அம்மா ஜெராக்ஸ் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்று இரண்டு முறை கேட்டும், "பேப்பரைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். கடன் வாங்கிக் கேஸ் நடத்துகிறவர்களுக்குத் தோராயமாகவாவது ஒரு தொகை தெரிய வேண்டும். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தங்கச்சி நகைக்கடை பில்லை எடுத்துக்கொண்டு, என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே தருமபுரி பஸ் ஏறினாள்.