உடைஞ்ச ஸ்பார்க் பிளக்: ஈஸி அவுட்டா, நட்டு வெல்டிங்கா, ஆக்ஸா பிளேடா, ஹெட்டையே இறக்கறதா?

பழைய மாருதி 800, ஆம்னில பிளக் கழட்டும்போது டக்குனு ஒரு சத்தம் வந்து ஸ்பேனர் திடீர்னு லேசா சுத்துச்சுன்னா மேட்டர் முடிஞ்சது, தலைப்பகுதி கையோட வந்துடும், மரை இருக்கற பகுதி மட்டும் இன்ஜினோட மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்குள்ள கல்லு மாதிரி உக்காந்திருக்கும். அதுக்கப்புறம் அக்கம்பக்கத்துல இருக்கற அத்தனை பேரும் மெக்கானிக் ஆயிடுவாங்க. ஒருத்தர் ஈஸி அவுட் (உடைஞ்ச துண்டை உள்பக்கமா பிடிச்சு சுத்தி எடுக்கற டூல்) போடுங்கம்பார், இன்னொருத்தர் நட்டு வச்சு வெல்டிங் அடிங்கம்பார், மூணாவது ஆள் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்புங்கன்னு கூலா சொல்லிட்டு டீ குடிக்க போயிடுவார். எல்லாமே வேலை செய்யற வழிதான், ஆனா எது மலிவுன்னு பாக்கும்போது அந்த வேலைக்கு ஆகற செலவை மட்டும் பாத்தா பத்தாது, அது சொதப்புனா அடுத்து எவ்ளோ ஆகும்னு சேர்த்து பாக்கணும். நூறு ரூபா வழி சொதப்பி ஹெட்டை மாத்தற வரைக்கும் போன கதை ஒவ்வொரு பட்டறையிலயும் ஒண்ணு இருக்கும்.

முதல்ல என்ன உடைஞ்சிருக்குன்னு பாருங்க. வெள்ளை பீங்கான் மட்டும் உடைஞ்சு, ஸ்பேனர் பிடிக்கற ஆறுபட்டை அப்படியே இருந்தா இந்த அலசலே உங்களுக்கு தேவையில்லை, நல்ல பிளக் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு நேரா பிடிச்சு கழட்டுங்க, வந்துடும். ஆறுபட்டை முனை மழுங்கிருந்தா ஒரு நல்ல ஆறுமுனை சாக்கெட்டை தட்டி இறக்கி பாக்கலாம். ஆறுபட்டையே துண்டாகி, மரை மட்டும் உள்ள நிக்குதுன்னா அப்பதான் நிஜமான தலைவலி, மீதி எழுதறது எல்லாம் அதுக்குத்தான்.

ஏன் இப்படி பிடிக்குதுன்னா இந்த 796 சிசி மூணு சிலிண்டர் இன்ஜின்ல ஹெட் அலுமினியம், பிளக்கோட உடம்பு இரும்பு. வருஷக்கணக்கா கழட்டாம விட்டா ரெண்டுக்கும் நடுவுல அரிப்பு ஏறி ஒட்டிக்கும், கூடவே கீழ் மரையில கார்பன் இறுகிடும், போதாததுக்கு போன தடவை யாரோ ஒரு புண்ணியவான் ஏறி மிதிச்சு டைட் வச்சிருப்பார். இதுல நமக்கு சாதகமா ஒரே ஒரு விஷயம் இருக்கு, சூடேறினா அலுமினியம் இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால எந்த வழியில போனாலும் ராத்திரியே துருவை இளக்கற ரஸ்ட் ஆயில் அடிச்சு ஊற விட்டுட்டு காலையில பிளக்கை சுத்தி ஹீட் கன்னால ஹெட்டை கை வைக்க முடியாத அளவுக்கு சூடாக்கிட்டு ஆரம்பிச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆயில் அடிச்ச இடத்துல, பக்கத்துல கார்புரேட்டர் வேற இருக்கும்போது, தீ கக்கற டார்ச் மட்டும் வேண்டாம்.

யூடியூப்ல தேடுனா அமெரிக்க ஃபோர்டு 5.4 லிட்டர் இன்ஜின் வீடியோதான் வரிசையா வரும், அதுக்குன்னே லிஸ்லே கம்பெனி ஒரு டூல் விக்குது, நம்ம ஆளுங்க அதை பாத்துட்டு ஆன்லைன்ல விலை விசாரிக்கறாங்க. அதை வாங்காதீங்க. அந்த 2004லேர்ந்து 2008 வரைக்கும் வந்த ஃபோர்டு வண்டிங்கள்ல பிளக் ரெண்டு துண்டா செஞ்சது, அங்க மரை வெளிய வந்துடும், மரைக்கு கீழ இருக்கற நீளமான குழாய்தான் கார்பன்ல மாட்டிக்கும். நமக்கு அப்படியே தலைகீழ், மரைதான் மாட்டுது. அந்த டூல் இங்க ஒண்ணுக்கும் ஆகாது.

இப்ப பீங்கான் விஷயம். ஈஸி அவுட் போடணும்னாலும் பிளேடு போடணும்னாலும் நடுவுல இருக்கற பீங்கான் முதல்ல வெளிய வரணும், பெரும்பாலும் வேலை சொதப்பறதுக்கு காரணம் இந்த கட்டத்துல பண்ற அவசரம்தான். பீங்கானை மேலேர்ந்து பிடிச்சு வச்சிருந்தது அந்த உடைஞ்சு போன தலைப்பகுதிதான், அதனால நிறைய நேரம் மூக்கு பிளையர்ல பிடிச்சு லேசா ஆட்டி மேல இழுத்தாலே வந்துடும். வரலைன்னா பக்கவாட்டுல மெல்ல தட்டி உடைச்சு துண்டு துண்டா எடுக்கணும், கீழ் நோக்கி அடிச்சா மூக்கு பகுதி உடைஞ்சு சிலிண்டர்ல விழும். டிரில் போட்டு எடுக்கலாம்னு நினைக்காதீங்க, அது அலுமினியம் ஆக்சைடு, சாதாரண பிட்டு அதுமேல வழுக்கி கடைசியில ஹெட்டை போய் கடிக்கும். அதே கடினத்தன்மைதான் உள்ள விழுந்தா ஆபத்தும், ஒரு சின்ன சில்லு போதும் சிலிண்டரோட உள்சுவர்ல கோடு போட.

இதுக்கு முன்னாடியே இன்ஜினை கையால சுத்தி அந்த சிலிண்டரோட பிஸ்டனை கம்ப்ரஷன்ல மேல கொண்டாந்து நிறுத்திடுங்க. அந்த நிலையில வால்வு எல்லாம் மூடியிருக்கும், எது விழுந்தாலும் பிஸ்டன் தலையில கண்ணுக்கு தெரியற மாதிரி கிடக்கும், வால்வு சீட்டுல போய் மாட்டாது. வேக்குவம் கிளீனர் முனையில ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் டியூபை டேப் போட்டு ஒட்டி உறிஞ்சுனா வந்துடும். காசே ஆகாத வேலை இது, ஆனா இதை செய்யற பட்டறை ரொம்ப கம்மி.

சரி, ஈஸி அவுட். சில நூறு ரூபாய்க்கு செட்டே கிடைக்கும், லேத் பட்டறையில கேட்டா ஒரு மணி நேரத்துக்கு கடனா கூட தருவாங்க. இதுல ரெண்டு ரகம் இருக்கு, பலபேருக்கு வித்தியாசம் தெரியாது. ஒண்ணு திருகாணி மாதிரி முறுக்கி இருக்கறது, இன்னொண்ணு நாலு பட்டையா கீழ ஒடுங்கி போறது. பிளக்குக்கு நாலு பட்டைதான் சரி. முறுக்கு ரகம் சுத்த சுத்த உள்ள இறங்கிக்கிட்டே போகும், பீங்கான் எடுத்த அப்புறம் பிளக்கோட உடம்பு மெல்லிசான வளையம்தான், அதை அது வெளிப்பக்கமா விரிச்சு மரையில இன்னும் டைட் பண்ணிடும். நாலு பட்டை அவுட்டை சுத்தியால ரெண்டு தட்டு தட்டி உக்கார வச்சு, ரெண்டு பக்கமும் சமமா கை பிடிக்கற டேப் ஹேண்டில் (மரை வெட்டற டேப்பை சுத்தற கைப்பிடி) போட்டு சுத்தணும், ஒரு பக்க ஸ்பேனர் போட்டா சாய்ஞ்சு ஓடும். அசைஞ்சவுடனே சந்தோஷத்துல ஒரேயடியா சுத்தாதீங்க, கால் சுத்து இடது பக்கம், ஆயில், கொஞ்சம் திருப்பி வலது, மறுபடி ஆயில், இப்படி ஊசலாட்டியே எடுத்தா அலுமினிய மரை தப்பிக்கும்.

ஈஸி அவுட்டோட மோசமான பக்கம், அது ரொம்ப கடினமான இரும்பு, ஒடிஞ்சா உள்ளேயே நிக்கும், அதை டிரில் பண்ண முடியாது. கையில ஒரு மாதிரி ஸ்பிரிங் போல முறுக்கற உணர்வு வரும், அந்த நிமிஷம் நிறுத்திடணும். பைப் மாட்டி நீளம் கூட்டி சுத்தறவங்க அதோட ஹெட்டுக்கும் சேர்த்து வழி அனுப்பி வைக்கறாங்க.

நட்டு வெல்டிங் என் கணக்குல இதுக்கு அடுத்த இடம், சில நேரம் முதல் இடமே. உடைஞ்ச வளையத்துமேல ஒரு வாசரை வச்சு உள்விளிம்போட பிடிக்க வச்சு, அதுமேல ஒரு நட்டை வச்சு அடிப்பாங்க. இரும்பு வெல்டு அலுமினியத்துல ஒட்டாது, அதுதான் இதோட அழகு, அதுமில்லாம வெல்டிங் சூடு வளையத்தை உலுக்கி பல வருஷ ஒட்டலை விடுவிச்சுடும், ஈஸி அவுட்டுக்கு அசையாத பிளக் இதுல கொஞ்சம் ஆறுனதும் சாதாரண ஸ்பேனருக்கு வர்றதை நிறைய பாக்கலாம். பட்டறைக்காரருக்கு சில நிமிஷ வேலை, கூலியும் அதுக்கேத்த மாதிரிதான். ஆனா கை சுத்தமான ஆளா இருக்கணும், அலுமினியம் 660 டிகிரியிலயே உருகிடும், ராடை வச்சு ரொம்ப நேரம் விளையாடுனா பிளக் உக்கார்ற இடமே வழிஞ்சு போயிடும். சிஓ2 வெல்டிங் (ராடுக்கு பதிலா கம்பி தானா வர்றது) இருக்கற பட்டறைன்னா உத்தமம். பீங்கானோட அடிப்பகுதி இன்னும் உள்ளேயே உக்காந்திருந்தா இந்த வழிக்கு மட்டும் அதை எடுக்காம விடலாம், பொறி சிலிண்டருக்குள்ள போகாம அதுவே தடுக்கும்.

வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி டெர்மினல் ரெண்டும் கழட்டணும், கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ வண்டின்னா இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம் கனெக்டரையும் பிடுங்கணும், எர்த் கிளாம்பை பாடியில எங்கயோ மாட்டாம ஹெட்டுலயே கிட்ட மாட்டணும். ஆம்னில சீட்டை தூக்குனா அடியில இன்ஜின், நிறைய ஆம்னில பின்னாடி கேஸ் சிலிண்டர் வேற. கேஸை மூடிட்டேன்னு சொல்றதெல்லாம் கணக்குல வராது, சிலிண்டரை கழட்டி தெருவுக்கு அந்தப்பக்கம் வச்சுட்டு வந்து அடிங்க. இதை கேட்டு சிரிக்கற பட்டறையா இருந்தா வண்டியை தள்ளிக்கிட்டே வேற பட்டறைக்கு போயிடுங்க.

ஆக்ஸா பிளேடு வழி பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்லை. பிளேடை உடைச்சு துணி சுத்தி பிடிச்சு வளையத்துக்கு உள்பக்கமா ரெண்டு வெட்டு போட்டு, சின்ன உளியால உள்பக்கம் மடிச்சு எடுக்கறது. செலவு ஒரு பிளேடு. பொறுமை இருக்கற ஆள் செஞ்சா அருமையா வரும், ஆனா எங்க இரும்பு முடிஞ்சு எங்க அலுமினியம் ஆரம்பிக்குதுன்னு கைக்குத்தான் தெரியும், ஒரு இழுப்பு கூடுனா மரையில வெட்டு விழும். தூள் முழுக்க சிலிண்டர்ல கொட்டும் வேற. ஹெட் ஏற்கனவே கீழ இறங்கியிருந்தா இது தங்கமான வழி, வண்டியிலேயே வச்சு செய்யறதுன்னா எனக்கு மனசு வரலை.

ஹெட்டை இறக்கறது நிச்சயமா முடியற வழி, செலவும் அதுக்கேத்த மாதிரி ஆயிரக்கணக்குல போகும். ஹெட் கேஸ்கட் புதுசு, கூலன்ட், டைமிங் பெல்ட்டை கழட்டறதால அதையும் புதுசா போட்டுடறது நல்லது, ஹெட்டோட அடிப்பக்கம் வளையாம சமமா இருக்கான்னு ஃபேசிங் பாக்கறது, அதுக்கு மேல லேத் கூலி. பிளக்குக்காக மட்டும் இதை செஞ்சா வயிறு எரியும். ஆனா வண்டி ஏற்கனவே தண்ணி குடிக்குது, புகை விடுது, வால்வு சத்தம் போடுதுன்னா எப்படியும் ஹெட் இறங்கத்தான் போகுது, அப்ப பிளக் எடுக்கறது கிட்டத்தட்ட இலவசம் மாதிரி. மரை போயிருந்தா ஹெலிகாயில் (புது மரையா நிக்கற கம்பிச்சுருள்) போடறதும் மேசை மேல வச்சு செய்யும்போதுதான் நேரா வரும். மாருதி 800 உற்பத்தி நின்னது 2014 ஜனவரியில, அதுல ரொம்ப புதுசுங்கற வண்டிக்கே பத்து வயசுக்கு மேல ஆச்சு, வண்டி இன்னைக்கு என்ன விலைக்கு போகும்னு ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் ஹெட்டை தொடுங்க.

சென்னைக்காரங்க புதுப்பேட்டையில பழைய ஹெட் வாங்கி மாட்டிடலாம்னு சொல்லுவாங்க. கிடைக்கும்தான், ஆனா அது எந்த வண்டியில எவ்ளோ சூடேறி வளைஞ்சதுன்னு ஹெட்டு சொல்லாது. கடையிலயே நேர் பட்டை வச்சு அடிப்பக்கத்தை பாத்துட்டு, அதோட பிளக் ஓட்டையில கையால ஒரு புது பிளக்கை திருகி பாத்துட்டு வாங்குங்க. இருந்த மரை கெட்டு போனா மட்டும்தான் இந்த யோசனை.

என்னை கேட்டா வரிசை இப்படி: ராத்திரி ஊற வச்சு, சூடு காட்டி, நாலு பட்டை ஈஸி அவுட்ல ஒரு நேர்மையான முயற்சி. அசையலைன்னா பலம் காட்டாம நேரா வெல்டிங் பட்டறை. வெல்டிங் பிடிச்சு பிடிச்சு பிச்சுக்கிட்டு வந்தா ஹெட்டை இறக்கிட்டு பிளேடு. ஈஸி அவுட் உள்ள ஒடிஞ்சவங்களுக்கு இந்த வரிசை செல்லாது, அவங்க நேரா லேத்துக்குத்தான் போகணும்.

வெளிய வந்தப்புறம் 14 மில்லிமீட்டர், 1.25 பிட்ச் (மரை இடைவெளி) இருக்கற மரை டேப்பை கிரீஸ் தடவி கையால மட்டும் ஓட்டி எடுங்க, தூள் கிரீஸ்ல ஒட்டிக்கும். பொறி வராம காயில் வயரை பிடுங்கிட்டு பிளக் போடாம கொஞ்சம் செல்ஃப் அடிங்க, மிச்சம் மீதி வெளிய பறக்கும், அப்ப முகத்தை அந்த ஓட்டைக்கு நேரா வைக்காதீங்க. புது பிளக்கை விரலாலயே கடைசி வரை திருகி, வாசர் தொட்டதும் அரை சுத்து போதும், இறுக்கற விசையை அளக்கற டார்க் ரிஞ்ச் இருந்தா 25லேர்ந்து 30 நியூட்டன் மீட்டர். மரையில காப்பர் கிரீஸ் தடவணுமாங்கறது முடியாத சண்டை, என்ஜிகே மாதிரி கம்பெனிங்க பூச்சு போட்ட பிளக்குக்கு வேண்டாம்னுதான் சொல்றாங்க, வழவழப்புல அதே டார்க்குக்கு அதிகமா இறுகிடும்னு. நானும் தடவறதில்லை, பதிலா வருஷம் ஒரு தடவை மூணு பிளக்கையும் கழட்டி மாட்டிடறேன்.