திருமலை வெக்கையில் பழைய கார்: கியர் ஒயில் மாற்றினால் எது திருந்தும், எது திருந்தாது

டொயோட்டா கொரொல்லா 110, நிசான் எஃப்.பி. 14 சனி, டொல்பின் வான், மாருதி 800. திருகோணமலைத் தெருக்களில் இன்னும் உழைக்கும் இந்த வண்டிகளில் கியர் பொக்ஸ் இரையத் தொடங்கினால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "140 ஊற்றிவிடுங்கோ, சத்தம் அடங்கும்." 140 என்பது தடித்த கியர் ஒயில். சத்தம் அடங்கும், உண்மை. ஆனால் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கத் தொடங்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது "கர்ர்" என்று பல் உரசும். உவர்மலை ஏற்றத்தில் அவசரமாக இரண்டாம் கியர் தேவைப்படும்போது அது நன்றாகவே தெரியும்.

காரணம், கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் சின்க்ரோ வளையம். பித்தளையில் செய்த இந்த வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய வரிகள் இருக்கும். கியரின் கூம்பை வளையம் பிடிக்கும்போது அந்த வரிகள் இடையிலுள்ள ஒயிலை வெட்டி விலக்க வேண்டும். விலகினால்தான் பிடி கிடைத்து இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வரும். தடித்த ஒயில் விலக நேரம் எடுக்கும், வளையம் வழுக்கும், வேகம் ஒத்துவர முன்னமே பற்கள் மோதும். தேய்ந்த வளையத்தில் வரிகளும் மழுங்கிப் போயிருப்பதால் பழைய வண்டிக்குத்தான் இந்தத் தொல்லை கூட.

ஆகவே நாங்கள் சொல்வது மெல்லிய 75டபிள்யூ-90. "இங்கே குளிரே இல்லை, 75டபிள்யூ எதற்கு?" என்ற கேள்வி நியாயமானது. டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் உறைகுளிருக்கானது, பின்னால் வருவது சூட்டில் ஒயிலின் தடிப்புக்கானது. திருமலையில் மார்கழி விடியற்காலையிலும் அந்தக் குளிர் வராது. ஆனாலும் 40 பாகை செல்சியஸில் சாதாரண 85டபிள்யூ-140 சுமார் 350 சென்டிஸ்டோக் தடிப்பு, மினரல் 80டபிள்யூ-90 சுமார் 140, சிந்தெற்றிக் 75டபிள்யூ-90 சுமார் 100. வண்டி எடுத்த முதல் அரைமணி நேரம் கியர் விழும் விதத்தை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. 100 பாகையில் இரண்டு 90 ஒயிலும் ஒரே வரம்புக்குள் வந்துவிடும். ஆகவே கச்சான் காலத்தில் ஆள் நிறைத்துக் கந்தளாய், ஹபரணை என்று ஓடினாலும் 75டபிள்யூ-90 மெலிந்துபோகும் என்று பயப்படத் தேவையில்லை. அது கிடைக்காவிட்டால் 80டபிள்யூ-90 இந்தக் காலநிலைக்குத் தாராளமாகக் காணும். 140 மட்டும் வேண்டாம்.

இந்த எண்களைவிட முக்கியம், ஒயிலின் தரக்குறி ஜிஎல்-4ஆ, ஜிஎல்-5ஆ என்பது. ஜிஎல்-5 பின் டிஃபரன்ஷலின் (விசையைப் பின்சில்லுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) ஹைப்பொயிட் பற்களுக்காக, அதாவது ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிக் கடுமையாக உரசும் பற்களுக்காக வந்தது. அதில் கந்தக, பொஸ்பரஸ் சேர்மானம் ஏறக்குறைய இரட்டிப்பு. எல்லா ஜிஎல்-5 ஒயிலும் பித்தளையைத் தின்றுவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் சின்க்ரோவுக்குத் தேவையான உரசலை அது குறைத்துவிடுகிறது என்பது கையிலேயே தெரியும். குறுக்கே எஞ்சின் வைத்த முன்சில்லு இழுவைக் கார்களில் டிஃபரன்ஷலும் கியர் பொக்ஸுக்குள்ளேயே இருக்கும். அங்கே இருப்பது சாதாரண சாய்வுப் பல், ஹைப்பொயிட் அல்ல. ஜிஎல்-4 அதற்குப் போதும். கொரொல்லா 110இன் கைநூல் இரண்டையும் அனுமதிக்கிறது, நிசான் ஜிஎல்-4ஐத்தான் கேட்கிறது. இரண்டுக்குமே ஜிஎல்-4தான் எங்கள் தெரிவு. சீனன்குடாவில் லங்கா ஐ.ஓ.சி.யின் ஒயில் கலக்கும் ஆலையே இருக்கிறது. அவர்களின் சேர்வோ ஒயிலோ வேறெதுவோ, கலனின் முன்பக்கப் பெயரைவிடப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசியுங்கள்.

காசு செலவழிக்க முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நியூட்ரலில் நிற்கும்போது இரைந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பெயரிங். மிதித்தால்தான் சத்தம் என்றால் கிளட்ச் ரிலீஸ் பெயரிங். வளைவில் ஒரு பக்கம் திருப்பும்போது கூடி, மறுபக்கம் குறைந்தால் சில்லு பெயரிங். டொல்பின் போன்ற பின்சில்லு இழுவை வண்டியில் நான்காம் கியர் மட்டும் அமைதியாக இருந்து மற்றவை இரைந்தால் துணைத் தண்டான லே ஷாஃப்ட் பக்கம் தேய்வு. எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழாமல், நிறுத்தினால் எல்லாம் சுலபமாக விழுந்தால் கிளட்ச் விடவில்லை. இவை ஒன்றுக்கும் ஒயில் மருந்தல்ல.

மாற்றும் நாளில் 15, 20 நிமிடம் ஓடிச் சூடாக்குங்கள். வண்டி நான்கு சில்லிலும் சமமாக நிற்க வேண்டும், அதற்குக் கராஜில் உள்ள கிடங்கு (குழி)தான் வசதி. ஒரு பக்கம் ஜக் அடித்தால் அளவு பிழைக்கும். முதலில் நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து அது கழலாவிட்டால், வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டிவரும். கொரொல்லாவில் நிரப்பும் பிளக், வடிக்கும் பிளக் இரண்டுக்கும் 24 மில்லிமீற்றர் சொக்கட்.

வடிகிற ஒயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சரித்துப் பாருங்கள். பிளக்கின் காந்தத்தில் கறுப்புக் களிம்பு இருப்பது வழமை. விரலில் தேய்த்தால் நெருடாமல் மை போலப் பரவ வேண்டும். ஊசி போல நீட்டுத் துண்டு அகப்பட்டால் பல் உடைகிறது. பொன்னிறத் துகள் மினுங்கினால் சின்க்ரோ கரைகிறது. பித்தளையைக் காந்தம் இழுக்காது என்பதால் அதைத் தட்டில்தான் காணலாம். பால்தேத்தண்ணி நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. மாரியில் வெள்ளத்துக்குள் இறங்கிய வண்டிகளில் பிறீதர் (காற்றுத் துளை) வழியாக உறிஞ்சியிருக்கும். பிறீதர் மூடியைத் துப்புரவாக்காமல் புது ஒயில் ஊற்றினால் அடுத்த மழையோடு பழையபடிதான். புதிதாக வாங்கிய பழைய காரில் தேன் போலத் தடித்த ஒயில் வடிந்தால், விற்றவர் சத்தத்தை மூடி மறைத்திருக்கிறார் என்று எடுங்கள்.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டாம். உள்ளே தங்கும் மிச்சம் புது ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். 20 நிமிடம் வடியவிட்டுப் புது வொஷருடன் பூட்டுங்கள். கொரொல்லா 110க்கு 1.9 லீற்றர், சனிக்கு மூன்று லீற்றருக்குக் கிட்ட. நிரப்பும் துளையின் விளிம்பில் ஒயில் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். கூட ஊற்றினால் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், கிளட்ச் பிளேட்டிலும் படும். முன்னர் 140 அல்லது ஜிஎல்-5 இருந்திருந்தால் 1,000 கிலோமீற்றரில் இன்னொரு முறை மாற்றுவது நல்லது.

பலன் எப்படி? சின்க்ரோ கரையாமல் வெறுமனே ஒயில் பழுதான பெட்டியில் சில நூறு கிலோமீற்றருக்குள்ளேயே இரண்டாம் கியர் இளகிவிடும், பிறகும் அப்படியே நிற்கும். ஐந்தாம் கியரின் மெல்லிய இரைச்சல் சாடையாகக் குறையும், முழுதாகப் போகாது. 140இலிருந்து இறங்குபவர்களுக்குச் சத்தம் சற்றுக் கூடினது போலவும் இருக்கும். அது முன்பே இருந்த தேய்வு, தடித்த ஒயில் மறைத்து வைத்திருந்தது. சிந்தெற்றிக் ஊற்றிய பின் அக்சல் சீலில் ஈரம் கண்டால் சீலை மாற்றுங்கள், ஒயிலைக் குறை சொல்லாதீர்கள். அதன் றப்பர் ஏற்கெனவே விறைத்துப்போனது. 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை போதும். பாரம் ஏற்றும் வானுக்கு 20,000.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் இதில் எதையும் பின்பற்ற வேண்டாம். அதன் கியர் பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான், முதலாம் கியருக்குச் சின்க்ரோவே கிடையாது. பழைய ஹொண்டாக்களும் 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயிலுக்கென வந்தவை. டொல்பின்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: கியர் பொக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 மிஞ்சினால் பின் டிஃபரன்ஷலுக்குள் ஊற்ற வேண்டாம். அங்கே இருப்பது ஹைப்பொயிட், அதற்கு ஜிஎல்-5 90 தான்.