வாக்குத்தத்த அட்டையா, தினசரி வாசிப்பா?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் சபையில் தட்டில் கவிழ்த்து வைத்த, ஆளுக்கொரு வேத வசனம் எழுதிய அட்டைகளில் ஒன்றை, புது வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்குத்தத்தமாக (வாக்குறுதியாக) எடுப்போம். ஓரம் மடங்கிப்போன அப்படி ஓர் அட்டை இன்னமும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது: எரேமியா 29:11. நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன், என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். வேலை இல்லாமல் இருந்த வருடம் அது. பயம் பிடித்த ராத்திரிகளில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன். அட்டையின் பலமே அதுதான். ஒரே வசனம், மனதில் நிற்கும்.

ஆனால் எந்த ஊருக்குப் போவது, எந்த வேலையை ஏற்பது என்று முடிவெடுக்க அது போதவில்லை. எரேமியா புத்தகத்தை வரிசையாக வாசித்தபோதுதான் தெரிந்தது, அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனமே, பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. அதற்கும் முன்னால், 5-ஆம் வசனத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று இருக்கிறது. சீக்கிரம் விடுதலை என்று நான் நினைத்திருந்தேன். கர்த்தரோ இருக்கிற இடத்திலேயே வேரூன்றச் சொல்லியிருந்தார். அப்புறம்தான் உள்ளூரில் கிடைத்த சின்ன வேலையை ஏற்றுக்கொண்டேன்.

தினசரி வாசிப்பு மெதுவானது, சரி. வேதாகமத்தின் மூன்றாம் புத்தகமான, சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனாலும் வழி கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அட்டையை எடுங்கள், அன்றைக்கே அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்துவிடுங்கள்.