எஸ்எஸ்சி இடியம்ஸுக்கு ஆங்கிட்ராய்ட்: அஞ்சுக்கு நாலு

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மார்க். அதில் இடியம்ஸ், அதாவது மரபுத்தொடர், என்று நேராக வருவது வழக்கமாக இரண்டோ மூன்றோதான். அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள், கட்-ஆஃபில் ஒன்றிரண்டு மார்க்கில் தவறிப் போனவர்களிடம் போய்க் கேட்கட்டும். தெரிந்தால் பத்து செகண்டில் முடிகிற கேள்வி அது. தெரியாவிட்டால் அரை மணி நேரம் முறைத்துப் பார்த்தாலும் வராது. குத்துமதிப்பாக அமுக்கித் தப்பானால் 0.50 மார்க் போகும். இரண்டாம் கட்டத்தில் கேள்விக்கு 3 மார்க், தப்புக்கு 1 மார்க் பிடித்தம். யோசித்துக் கண்டுபிடிக்கிற கணக்கு இல்லை இது, முழுக்க ஞாபக வேலை. அந்த வேலைக்கு நான் வைத்திருப்பது ஆங்கிட்ராய்ட் என்கிற ஆப். கேள்வி-பதில் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் ஏற்றுவதுதான் அதன் வேலை.

டேமியன் எல்ம்ஸ் 2006-ல் வெளியிட்ட ஆங்கி என்ற மென்பொருளுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய ஆண்ட்ராய்ட் வடிவம் இது. இலவசம், விளம்பரமும் கிடையாது. ஐபோனில் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ப்ளே ஸ்டோரில் சாயல் பெயரோடு வேறு ஆப்களும் இருக்கின்றன, எழுத்துக் கூட்டிப் பார்த்து இறக்குங்கள். திறந்ததும் 'இது என்ன, பழைய பேங்க் சாஃப்ட்வேர் மாதிரி இருக்கிறதே' என்று தோன்றும். கலர், பொம்மை, பாராட்டு மெசேஜ் எதுவும் வராது. மெடிக்கல் ஷாப்பில் பில் போட்டுவிட்டு இடையில் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் படிக்கிற எனக்கு அதுதான் வசதி.

கார்டின் முன்பக்கம் கேள்வி. தொட்டால் பதில். கீழே அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்று நாலு பட்டன். எவ்வளவு ஞாபகம் இருந்தது என்று நாமே சொல்ல வேண்டும், அதை வைத்து அடுத்து எப்போது கேட்பது என்று ஆப் முடிவு செய்யும். ஆரம்ப செட்டிங்கில் புதுக் கார்டுக்கு அகெய்ன் அமுக்கினால் ஒரு நிமிடத்துக்குள் திரும்ப வரும், குட் என்றால் பத்து நிமிடம், ஈஸி என்றால் நாலு நாள். சரியாகச் சொல்லச் சொல்ல இடைவெளி வாரமாகும், மாதமாகும். எங்களோடு பாளையங்கோட்டை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற அக்கா ஒருத்தி இதைப் பார்த்ததும் கேட்டாள்: "ஏட்டி, எல்லாத்துக்கும் ஈஸின்னு அமுக்கிட்டா நாலு நாளைக்குத் தொல்லை இல்லல்லா?" இல்லைதான் அக்கா, நாலு நாள் கழித்து மொத்தமாக வந்து நிற்கும்.

இனி முக்கியமான விஷயம். ஆங்கியில் பிறர் செய்து பகிர்ந்த கார்டுக் கட்டுகள் நிறையக் கிடைக்கின்றன. இடியம்ஸுக்கு அவற்றைத் தொடாதீர்கள் என்பேன். முன்னால் ஒரு இடியம், பின்னால் ஒரு வரி அர்த்தம், அகரவரிசை, அவ்வளவுதான். நான் காசு கொடுத்து வாங்கிய கைடு ஒன்றும் இதே லட்சணம்தான். பெயர் வேண்டாம், பக்கத்துக்கு முப்பது இடியம் அடுக்கி ஒரு வாக்கியம்கூடத் தராத புத்தகம். அந்த வரிசையில் படித்தால் 'டர்ன் எ டெஃப் இயர்', 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்', 'டர்ன் த டேபிள்ஸ்', 'டர்ன் டர்ட்டில்' நாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், மறுநாள் காலையில் நாலும் ஒன்றோடொன்று கட்டிப் புரளும்.

அதனால் கார்டை நாமே செய்ய வேண்டும், அதுவும் பரீட்சை கேட்கிற மாதிரியே. டர்ன் டர்ட்டிலுக்கு என் கார்டில் 'புயலில் படகு டர்ன்ட் டர்ட்டில்' என்று ஒரு வாக்கியமும், கீழே நாலு ஆப்ஷனும் இருக்கும். அதில் ஒன்று 'மெதுவாகப் போனது'. ஆமை என்றதும் கை அங்கேதான் போகும், கேள்வி எடுப்பவருக்கும் அது தெரியும். சரியான பதில், கவிழ்ந்தது. இந்த வாக்கியத்தோடு படித்த பிறகு ஆமை என்னை ஏமாற்றுவதில்லை. பின்பக்கத்தில் கதை இருந்தால் இரண்டு வரி எழுதுவேன். 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' வெறும் அர்த்தமாக எத்தனை முறை படித்தாலும் ஒட்டவில்லை. கேம்பிரிட்ஜில் தாமஸ் ஹாப்சன் என்று குதிரை வாடகைக்கு விடுகிறவர் இருந்தார், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற குதிரையை எடு, இல்லையென்றால் கிளம்பு என்பாராம். தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாத தேர்வு. இப்போது ஒட்டிக்கொண்டது.

இதைவிட லாபம் தருவது எரர் ஸ்பாட்டிங், அதாவது வாக்கியத்தில் பிழை எங்கே என்று கேட்கிற பக்கம். அங்கே இடியம் என்பது ஆமையும் குதிரையும் இல்லை. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தப் பிரிப்போசிஷன் என்பதுதான். 'அக்யூஸ்ட்' வந்தால் 'ஆஃப்' (of), 'சார்ஜ்ட்' வந்தால் 'வித்'. 'சீனியர்' பின்னால் 'டு', அங்கே 'தேன்' (than) போட்டிருந்தால் அதுதான் பிழை. இதற்கு ஆங்கியில் 'க்ளோஸ்' என்று ஒரு கார்டு வகை இருக்கிறது. முழு வாக்கியத்தையும் தட்டி, மறைக்க வேண்டிய சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்தால் அது கோடிட்ட இடமாகிவிடும். முந்தைய வருடக் கேள்வித்தாளில் தப்பு விட்ட வாக்கியத்தை அன்றைக்கே இப்படி ஏற்றிவிடுவேன். முன்பின் இரண்டு பக்கமும் கேட்கிற ரிவர்ஸ்ட் வகை வேண்டாம், பரீட்சை அப்படிக் கேட்பதில்லை, கார்டுதான் இரட்டிப்பாகும்.

ஒரே கார்டை எட்டு முறை மறந்தால் ஆப் அதற்கு 'லீச்' என்று முத்திரை குத்தும். கார்டு சரியில்லை என்று அர்த்தம். அதை அழித்துவிட்டு வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதுங்கள்.

ஆப்புக்கு அஞ்சில் ஒரு மார்க் ஏன் குறைத்தேன் என்றால், செட்டிங் பக்கம் ஒரு காடு. புதியவர் யாரும் அதற்குள் போய் வழி கண்டுபிடித்து வர முடியாது. தினம் 20 புதுக் கார்டு என்பது ஆரம்ப அளவு. இடியம்ஸோடு ஜிகே, வொக்காபுலரி எல்லாம் சேர்த்துப் படிப்பவருக்கு அது அதிகம். பழைய கார்டுகள் சேர்ந்து சேர்ந்து, வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் திறக்கவே மனசு வராது. எட்டோ பத்தோ போதும். போனில் க்ளோஸ் கார்டு தட்டுவதும் விரல் நோகும் வேலை, கம்ப்யூட்டர் கிடைத்தால் அதில் ஏற்றி சிங்க் செய்துகொள்ளுங்கள், அதற்கும் காசில்லை.

பரீட்சை இரண்டு வாரத்தில் என்றால் இதை இறக்கவே வேண்டாம். இடைவெளி விட்டுக் கேட்கிற ஆப்புக்கு விடுவதற்கு இடைவெளி வேண்டுமே. அந்த நேரத்துக்குப் பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்ப்பதுதான் மேல். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கடைசி வாரத்தில் புதுக் கார்டு எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, வந்து நிற்கிற பழசை மட்டும் பாருங்கள்.